குறி பார்த்தல்: மூளைப்படத்தில் தெரிந்த ஒரு வளையம் பற்றி

சாரல் காலத்தில் ஐந்தருவிக்குப் போனால் ஆண்கள் குளிக்கிற பக்கம் யாராவது ஒருத்தர் குளிக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். கூட வந்தவர்களின் கைக்கடிகாரம், செயின், மாற்றுத்துணி எல்லாம் அவர் மடியில் இருக்கும். எங்கள் வீட்டில் அந்த ஆள் எப்போதும் அத்தான்தான், என் அத்தை மகன். அவருக்கு வலிப்பு உண்டு. வலிப்பு உள்ளவன் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆச்சி வேறு மாதிரி சொல்வாள்: "மூலிகைத் தண்ணில்லா இது. நாலு நாள் தலையில விழுந்தா எல்லாம் தெளிஞ்சிரும், கொண்டுபோயி நிறுத்துங்க." சித்தம் கலங்கியவர்களை அருவியில் கொண்டுவந்து நிறுத்துகிற வழக்கம் இந்தப் பக்கம் உண்டு. ஒரே தண்ணீர், ஒரே தலை. ஒரு அறிவுக்கு அது மருந்து, இன்னொரு அறிவுக்கு அது ஆபத்து. டாக்டர் சொன்னதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அருவிக்கு அடியில் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. நான் யோசிப்பது வேறு. ஆச்சியின் சொல்லுக்கு அத்தனை நாள் கட்டுப்பட்ட வீடு எதைப் பார்த்து டாக்டர் பக்கம் சாய்ந்தது? ஒரு படத்தைப் பார்த்து.

2002இல் எடுத்த சி.டி. ஸ்கேன் படம். கறுப்பு ஃபிலிமில் கட்டம் கட்டமாக மண்டையோட்டின் குறுக்குவெட்டுகள், கொய்யாப்பழத்தை நறுக்கி அடுக்கினமாதிரி. அதில் இரண்டு கட்டங்களில் மட்டும் சின்னதாக ஒரு வெள்ளை வளையம், காதில் போடுகிற வளையம் போல. ஊசியில் மருந்து ஏற்றி எடுத்த கட்டங்களில்தான் அது தெரிந்தது. டாக்டர் பேனா முனையால் அதைத் தொட்டு, "டி.பி. கட்டி" என்றார். வீட்டில் எல்லாரும் பார்த்தோம். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, எனக்கும் காட்டினார்கள். படத்தில் இருக்கிறது, பிறகென்ன?

பிறகு நிறைய இருந்தது. இந்தக் கட்டுரை அந்த வளையத்தைப் பற்றியது. அத்தானின் வளையம் மட்டுமல்ல. ஏறக்குறைய பத்து வருஷ காலம் இந்தியாவின் நரம்பியல் மருத்துவத்தையே ஏமாற்றிய வளையம் அது. படம் உண்மையைக் காட்டும், படத்துக்குச் சாதி கிடையாது, படம் பொய் சொல்லாது என்றெல்லாம் நாம் நம்பிக்கொண்டிருப்பதைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான பிரதி எனக்குக் கிடைக்கவில்லை. ஆம், பிரதி என்றுதான் சொல்கிறேன்.

தமிழ் படித்தவனுக்கு உடலின் மேல் தெரியும் அடையாளத்தை வாசிப்பது புதிய விஷயமில்லை. அதற்கு நம்மிடம் இருக்கிற சொல் குறி. சங்க அகப்பாட்டில் தலைவி மெலிகிறாள், வளை கழல்கிறது, பசலை படர்கிறது. இவை குறிகள். தாய் பதறிப்போய் வேலனைக் கூப்பிடுகிறாள். வேலன் கழங்கு உருட்டிப் பார்த்து, "முருகு அணங்கியிருக்கிறது" என்கிறான். மறி அறுத்து வெறியாடுகிறார்கள். ஐங்குறுநூற்றில் கபிலர் இதற்கென்றே பத்துப் பாட்டு வைத்திருக்கிறார், வெறிப்பத்து என்று. தலைவிக்கும் தோழிக்கும் உண்மை தெரியும்: நோய்க்குக் காரணம் முருகன் அல்ல, மலைநாடன். வாசகனுக்கும் தெரியும். தெரியாதவர்கள் இருவர், தாயும் நோய் பார்க்க வந்தவனும். இந்தக் காட்சியை நாம் நகைச்சுவையாகவோ 'அறத்தொடு நிற்றல்' துறைக்கு முன்படியாகவோ படித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் இது தவறான நோயறிதலைப் பற்றிய கூர்மையான பிரதி. வேலனின் கழங்கு ஏன் எப்போதும் முருகனையே காட்டுகிறது? வேலன் போக்கிரி என்பதால் அல்ல. கழங்கால் சொல்ல முடிகிற சொல் அது ஒன்றுதான். கருவியின் அகராதியில் இல்லாத நோய் உடலிலும் இல்லை.

பின்னால் குறி சொல்லும் இடத்துக்குக் குறத்தி வருகிறாள். இங்கிருந்து கூப்பிடுதூரத்தில் இருக்கும் மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர். அவருடைய குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி வசந்தவல்லியின் கையைப் பார்த்துச் சொல்வது சரியாகவே இருக்கிறது: குற்றாலநாதர் மேல் மையல். வேலன் தோற்ற இடத்தில் குறத்தி ஜெயிக்கிறாள். எப்படி? அவள் கையை மட்டும் பார்க்கவில்லை. தெருத்தெருவாக நடந்தவள், மலையும் ஊரும் தெரிந்தவள், பெண்களோடு பேசுகிறவள். ரேகைக்கு வெளியே இருக்கிற செய்தியைக் கொண்டுவந்து ரேகையை வாசிக்கிறாள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு வளையத்துக்குத் திரும்பலாம். குறத்தியை மறுபடி சந்திக்க வேண்டியிருக்கும்.

ஃபூக்கோ 1963இல் எழுதிய கிளினிக்கின் பிறப்பு பற்றிய நூலில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மருத்துவம் பிணத்தைத் திறந்து பார்க்கத் தொடங்கியபோது நோய் என்பது உடலுக்குள் ஓரிடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் பொருளாக மாறியதைக் காட்டுகிறார். அதுவரை நோயாளியின் சொல்லில் இருந்த நோய் இப்போது மருத்துவனின் கண்ணுக்குப் போகிறது. 1895 நவம்பரில் ரான்ட்கன் கண்டுபிடித்த கதிர், சாவுக்குக் காத்திராமல் உயிரோடிருக்கும்போதே அந்தக் கண்ணை உள்ளே அனுப்பியது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் ஒரு நோயாளியின் தலையை ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதன்முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்தது. எலும்புக்குள் பூட்டிக்கிடந்த மூளையைத் துண்டுதுண்டாகப் பார்க்க முடிந்தது. 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கோர்மாக்குக்கும் நோபல் பரிசு. எல்லாம் தெரிந்த கதை. ஃபூக்கோவை வாசித்த நம் நண்பர்கள் இந்த இடத்தில் 'பார்வையின் அதிகாரம்' என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். நான் முடிக்க மாட்டேன். பார்வைக்கு அதிகாரம் இருக்கிறது என்பது பாதிச் செய்திதான். அதிகாரம் உள்ள பார்வை தப்பாகவும் பார்க்கும் என்பதும், அந்தத் தப்பைத் திருத்தியவர்களும் அதே மருத்துவத்துக்குள்ளேயே இருந்தார்கள் என்பதும் மீதி.

1980களில் சி.டி. கருவிகள் இந்திய நகரங்களுக்கு வந்தன. வலிப்போடு வருகிறவர்களின் தலையை எடுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஆள் அந்தச் சின்ன வளையம். சில தலைகளில் வளையத்துக்குப் பதில் ஒரு வட்டப் பொட்டு. சுற்றிலும் வீக்கம். மேலைநாட்டுப் பாடப்புத்தகத்தில் இதற்கு நேரான படம் இல்லை. நம்மூரில் மூளைக்குள் கட்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். ஆகவே டி.பி. கட்டி என்று வாசித்தார்கள். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் என்று டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால் வளையம் சிறுத்திருக்கும் அல்லது காணாமலே போயிருக்கும். மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். வேறென்ன நினைக்க முடியும்? வேலன் ஆடினான், பெண் தேறினாள்.

சிக்கல் என்னவென்றால் மாத்திரை சாப்பிடாதவர்களின் வளையமும் காணாமல் போனது. தோன்றி மறையும் நிழல்கள் பற்றி 1985இலேயே இந்திய மருத்துவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஒரு கட்சி, வலிப்புதான் காரணம், வளையம் விளைவு என்றது. அதாவது வலிப்பு வந்த அதிர்ச்சியில் மூளையில் ஏற்பட்ட தற்காலிகத் தழும்பு அது. இப்படியாக ஒரே நிழலுக்கு மூன்று நான்கு உரைகள். திருக்குறளுக்குப் பதின்மர் உரை இருப்பதில் நமக்குக் கஷ்டம் ஒன்றுமில்லை. இங்கே ஒவ்வொரு உரைக்கும் ஒரு மருந்து இருந்தது, அதை விழுங்க ஒரு உடல் இருந்தது.

முடிச்சு அவிழ்ந்தது வேலூரில். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலிய நரம்பு அறுவை மருத்துவர்கள் அந்தச் சின்ன வளையத்திலிருந்தே திசு எடுத்துப் பார்த்தார்கள். படத்தின் அளவுகளை வைத்து ஊசி போகவேண்டிய பாதையைக் கணக்கிட்டு எடுப்பது ஒரு முறை. சிலருக்கு மண்டையைத் திறந்தே எடுத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது காசக்கிருமி அல்ல, புழு. பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம், சிஸ்டிசெர்கஸ். 1989இல் லான்செட் இதழில் அதை எழுதினார்கள். 1993இல் எது புழு, எது டி.பி. என்று கத்தி வைக்காமலே பிரித்தறிய வழிமுறை வகுத்தார்கள்: வளையம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், 20 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, வீக்கம் மூளையின் நடுக்கோட்டைத் தள்ளியிருக்கக் கூடாது. படத்துக்கு வெளியிலும் நிபந்தனைகள் உண்டு: நோய் வலிப்பாகவே தொடங்கியிருக்க வேண்டும், தலைக்குள் அழுத்தம் நிலையாகக் கூடியிருக்கக் கூடாது, கை கால் பலவீனம் நாளுக்கு நாள் ஏறக் கூடாது, உடம்பில் வேறெங்கும் டி.பி. போன்ற நோய் இருக்கக் கூடாது. 1997இல் இந்த அளவுகோலையே மறுபடி சோதித்துப் பார்த்தார்கள்.

இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். பாதி படத்திலிருந்து வருகிறது, பாதி ஆளிடமிருந்து. ஆளைத் தொட்டுப் பார்த்து, எப்போ ஆரம்பிச்சது, எப்படி ஆரம்பிச்சது என்று கேட்டாலொழிய அளவுகோல் பூர்த்தியாகாது. குறத்தி செய்த வேலை இதுதான்.

இன்னொன்று. பிணத்தையோ உடலையோ வெட்டாமல் பார்க்கலாம் என்ற வாக்குறுதியோடு வந்த கருவி அது. அது காட்டியதை வாசிக்க முடியாமல் மறுபடி வெட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது. சில மனிதர்களின் மண்டை திறக்கப்பட்டதால் ஆயிரக்கணக்கானவர்களின் மண்டை திறக்கப்படாமல் தப்பியது. அந்தச் சிலரின் பெயர் எந்தக் கட்டுரையிலும் இருக்காது, இருக்கவும் கூடாது. என்றாலும் 'தொழில்நுட்பம் நோயைக் கண்டுபிடித்தது' என்று நாளிதழ் இணைப்புகளில் வருகிற வாக்கியத்தில் அவர்களுக்கு இடமே இல்லாமல் போவது எனக்கு உறுத்துகிறது.

அது காணாமல் போவதற்கும் காரணம் விளங்கியது. புழு உயிரோடு இருக்கிறவரை தன்னை மறைத்துக்கொள்கிறது; உடலும் கண்டுகொள்வதில்லை. அது சாகத் தொடங்கும்போதுதான் உடல் விழித்துக்கொண்டு சுற்றி வளைக்கிறது. வீக்கம், வளையம், வலிப்பு எல்லாம் அப்போதுதான். பிறகு மெல்லக் கரைகிறது, அல்லது சுண்ணாம்புப் பொட்டாக உறைகிறது. ஆக அந்த வளையம் நோயின் படம்கூட அல்ல, ஒரு சாவின் படம். எம்.ஆர்.ஐ. வந்தபிறகு வேறு கட்டத்தில் உள்ள புழுக்களில், நீர்க்கட்டிக்குள் அதன் தலையே ஒரு புள்ளியாகத் தெரிகிறது. அந்தப் புள்ளி தெரிந்துவிட்டால் உரையாசிரியர்கள் சண்டை நின்றுவிடும். ஆனால் எல்லாப் படத்திலும் அது தெரிவதில்லை.

இனி 'அபூர்வம்' என்ற சொல்லைப் பற்றி. இந்தியாவில் மூளையில் இந்தப் புழு அரிது என்று ரொம்ப நாள் பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. இந்தியாவில் இதைப் பற்றிய முதல் குறிப்பு 1888இலேயே வந்துவிட்டது. ஆம்ஸ்ட்ராங் என்பவர் எழுதியது. சென்னையில் வலிப்பு கண்டு இறந்துபோன ஒரு கூலித் தொழிலாளியைப் பற்றியது. பெயர் இல்லை, கூலி என்ற சொல் மட்டும் இருக்கிறது. அதற்குப் பிறகு நீண்ட மௌனம். மௌனம் என்றால் எல்லா உடல்களின் விஷயத்திலும் அல்ல. இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குச் சில வருஷம் கழித்து வலிப்பு வந்தது. 1930களில் ராணுவ மருத்துவர் மக்ஆர்தர் அவர்களை உட்காரவைத்து ஆராய்ந்தார். தசைக்குள் உறைந்த புழுக்கள் எக்ஸ்ரேயில் அரிசிமணி மாதிரி வெள்ளையாகத் தெரிந்தன. 1961இல் டிக்சனும் லிப்ஸ்கூம்பும் 450 பேரின் கதையைத் தொகுத்து வெளியிட்டார்கள். 450 பிரிட்டிஷ் நோயாளிகள், பெரும்பாலோர் இந்தியாவில் இருந்து போனவர்கள்! அவர்கள் இந்த நோயை வாங்கிய ஊர்களில் அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்களுக்கும் துணி துவைத்தவர்களுக்கும் எத்தனை பேருக்கு வலிப்பு வந்தது என்று யாரும் எண்ணவில்லை. சிப்பாய்க்கு ஓய்வூதியம் கொடுக்க வேண்டும், ஆகவே அவன் உடலுக்குக் கோப்பு உண்டு. கூலிக்குக் கோப்பு கிடையாது. கோப்பு இல்லாத நோய் அபூர்வ நோய் ஆகிறது.

பின்னால் வேலூர்க்காரர்கள் எண்ணிப் பார்த்தார்கள். வேலூர் வட்டாரத்தில் 50,000 பேருக்கு மேல் கணக்கெடுத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோயுள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுதான் காரணம் என்று தெரிந்தது. அபூர்வம் எங்கே போயிற்று? புழு திடீரென்று பெருகவில்லை. பார்க்கிற கண் வந்தது, அந்தக் கண்ணுக்கு வாசிக்கவும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்த பிறகுதான் அரிது என்பது பரவலாயிற்று.

மலைக்கு அந்தப் பக்கமும் இதே கதை உண்டு. கேரளத்தில் கீவர்கீஸ் என்ற மருத்துவர் வயிற்றுவலியோடும் சர்க்கரையோடும் வந்த ஏழை இளைஞர்களைச் சாதாரண எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். முதுகெலும்பை ஒட்டிக் கணையத்தில் வெள்ளைக் கற்கள், கைப்பிடி சரளையை வீசிவிட்டது மாதிரி. குடிக்காதவனுக்குக் கணையத்தில் கல் வருவது மேலைப் புத்தகங்களுக்கு விநோதம். அவர் வெளி வராந்தாவில் அது வரிசையில் நின்றது. 1968இல் புத்தகமாகவே எழுதினார். ஸ்கேன் கூட இல்லை, வெறும் எக்ஸ்ரே. ஆனால் கல் ஏன் வந்தது என்பதைப் படம் சொல்லாது. சொல்லாத இடத்தில் சமூகம் பேசும். மரவள்ளிக்கிழங்கு தின்பதால் என்றார்கள். ஏழையின் சாப்பாடு குற்றவாளிக் கூண்டில் ஏறியது. கிழங்கே தின்னாத ஊர்களிலும் இந்த நோய் இருப்பது பின்னால் தெரிந்தது. 2000க்குப் பிறகு பலரிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதும் தெரிந்தது. கிழங்கின் மேல் விழுந்த பழி மட்டும் முழுசாகப் போகவில்லை.

இங்கேதான் பன்றி வருகிறது.

அத்தான் ஒன்றரை வருஷம் டி.பி. மாத்திரை சாப்பிட்டார். ஒன்றுக்குப் போனால் ஆரஞ்சு நிறமாகப் போகும். சின்னப் பையன்கள் நாங்கள் அதைக் கேலி செய்வோம். ஒரு தடவை கண் மஞ்சளாகி, சோறு இறங்காமல் கிடந்தார். அப்புறம் வேறொரு ஊரில் வேறொரு டாக்டர் பழைய படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது டி.பி.யா இருந்திருக்காதும்மா, புழுவா இருந்திருக்கும். பன்றியில இருக்குற நாடாப்புழு" என்றார். அத்தை எழுந்துவிட்டாள். "நாங்க சைவம் சார். முட்டைகூட வீட்டுக்குள்ள கொண்டாறதில்ல." அவர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். அத்தை காதில் எதுவும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து, "அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல" என்றாள். 2003இல் லியாண்டர் பயஸுக்கு மூளையில் கட்டி, புற்றுநோயாக இருக்குமோ என்று பயந்து அமெரிக்காவில் மருத்துவமனையில் சேர்த்து, கடைசியில் அது இந்தப் புழுவால் வந்தது என்று பேப்பரில் வந்தது. மாமா அதை வெட்டி எடுத்துவந்து அத்தையிடம் காட்டினார். "அவுக ஊரூரா போறவுக, கிடைச்சதைத் திம்பாக. நம்ம பிள்ள அப்படியா?" அதோடு பேச்சு முடிந்தது. இன்றுவரை எங்கள் குடும்பத்தில் அத்தானுக்கு வந்தது 'மூளைக் காசம்'தான். காசநோய் என்றால் கல்யாணம் தடைப்படும், தெருவில் பேசுவார்கள். அதெல்லாம் அத்தைக்குத் தெரியும். இருந்தும் பன்றிக்குக் காசம் மேல் என்று அவள் முடிவு செய்தாள். திருநெல்வேலிச் சீமையில் 'சைவம்' என்ற சொல் சாப்பாட்டை மட்டுமா குறிக்கிறது?

அந்த டாக்டர் விளக்கியது இதுதான். பன்றிக்கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் புழு அந்த வழியில் போவதில்லை. 1850களில் ஜெர்மானிய மருத்துவர் கூசென்மைஸ்டர் மரண தண்டனைக் கைதிக்கு உணவில் இளம்புழுவைக் கலந்து கொடுத்து, தண்டனைக்குப் பிறகு குடலைத் திறந்து பார்த்து இதன் முதல் பாதியை நிரூபித்தார். (அந்தக் கைதியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.) குடலில் புழு உள்ளவனின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். அந்த முட்டை தண்ணீரிலோ கீரையிலோ கழுவாத கையிலோ ஏறி இன்னொருவர் வாய்க்குப் போனால்தான் மூளையில் இளம்புழு. அதாவது மூளையில் புழு வந்தவன் தின்றது பன்றியை அல்ல, பச்சையாகச் சொன்னால் இன்னொரு மனிதனின் மலத்தை. அந்த மனிதன் பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கலாம், ஹோட்டலில் சட்னி அரைக்கிறவனாக இருக்கலாம், தானாகவேகூட இருக்கலாம். 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பன்றியைத் தொடாத வைதிக யூதக் குடும்பங்களில் இந்த நோய் வந்து எல்லாரும் திகைத்தார்கள். பன்றி மாமிசம் சமைக்கப்படாத அடுப்படிக்கும் புழு வரும், வேலைக்கு வருகிறவர்களின் கை வழியாக. செய்தியை இப்படிச் சொன்ன உடனே பழி வேலைக்காரப் பெண்கள் மேல் விழுவதையும் பார்க்கலாம். அவர்கள் புறப்பட்டு வந்த ஊர்களில் கக்கூஸ் இருந்ததா, வேலை கொடுத்தவர்கள் அவர்களை ஒரு தடவையாவது டாக்டரிடம் காட்டினார்களா என்ற கேள்விகள் கூடவே வருவதில்லை.

புழுவுக்குச் சொந்த வீடு மனிதக் குடல்தான். பன்றி வழியில் உள்ள சத்திரம். மனிதன் வெளியில் விட்டதைத் தின்று பன்றி நோயாளி ஆகிறது. ஆனால் நோயின் பெயரில் பன்றி இருக்கிறது, மனிதன் இல்லை. பெயரிலிருந்து பழி, பழியிலிருந்து பன்றி வளர்ப்பவன். ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் பன்றி வளர்த்துப் பிழைப்பவர்களில் குறவர்கள் உண்டு. நகராட்சி வேன் அவர்கள் பன்றிகளைப் பிடித்துப்போகும் செய்தி அடிக்கடி பேப்பரில் வருகிறது. கழிவுநீர் ஓடையை மூடிய செய்தி அவ்வளவாக வருவதில்லை. குறவஞ்சியில் அரண்மனைப் பெண்ணின் கையைத் தொட்டு நோய் சொன்னவளின் வம்சத்தை 1911இன் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது வெள்ளைக்காரன் அரசு. நாம் அவர்களை நோய்ப் பரம்பரை ஆக்கிக்கொண்டிருக்கிறோம். குறவஞ்சியைப் பாடத்தில் வைத்து எம்.ஏ.க்குச் சொல்லிக்கொடுத்த வகுப்பறையில் குறத்தியின் வாக்குவன்மை பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். வாக்குவன்மை சரி. அவள் எங்கே குடியிருந்தாள் என்று யாரும் கேட்டதில்லை, நானும்தான்.

ஆக, படத்தைத் தப்பாக வாசித்தது ஒரு கட்டம். சரியாக வாசித்த பிறகும் அந்த வாசிப்பை வீட்டுக்குள் விடாமல் சாதி வாசலில் நிறுத்தியது இன்னொரு கட்டம். முதல் தப்பை மருத்துவம் பத்து வருஷத்தில் திருத்திக்கொண்டது. இரண்டாவதைத் திருத்தும் பயாப்சி இல்லை.

ஸ்கேன் அறிக்கைகளைப் படித்திருப்பீர்கள். கடைசி வரியில் பெரும்பாலும் ஒரு வாக்கியம் இருக்கும், கிளினிக்கல் கோரிலேஷன் செய்துகொள்ளவும் என்று. நோயாளியை நேரில் பார்த்து இந்தப் படத்தோடு பொருத்திக்கொள்ளுங்கள் என்பது அர்த்தம். படம் எடுத்தவரே 'இது மட்டும் போதாது' என்று கையெழுத்துப் போட்டுச் சொல்கிறார். சிலர் இதைத் தப்பித்துக்கொள்ளும் வார்த்தை என்பார்கள், இருக்கலாம். எனக்கு அது அந்தத் தாளிலேயே நேர்மையான வரியாகப் படுகிறது. நாம்தான் அதைப் படிக்காமல் மடித்து உறையில் போட்டுக்கொண்டு, "ஸ்கேன்லயே வந்திருச்சு" என்று ஊருக்குச் சொல்கிறோம். இப்போது படத்தை வாசிக்கவும் இயந்திரம் வந்துவிட்டது. மார்பு எக்ஸ்ரேயில் காசநோய்க்கான அறிகுறியைக் கணினி நிரலே பிரித்துக் காட்டலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. டாக்டர் இல்லாத ஊர்களுக்கு அது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நிரல் கற்றுக்கொள்வது பழைய வாசிப்புகளிலிருந்து. 1986இல் இந்திய டாக்டர்கள் வாசித்த ஆயிரம் மூளைப்படங்களைக் கொடுத்து ஒரு நிரலைப் பழக்கியிருந்தால் அது ஆயிரத்தோராவது வளையத்தையும் டி.பி. என்றே சொல்லியிருக்கும், மிகத் துல்லியமாக, ஒரு நொடியில். கழங்கு வேகமாக உருண்டால் முருகன் வேறு ஆளாகிவிடுவானா?

அத்தானின் படங்கள் ரொம்ப நாள் பரணில் கிடந்தன. சாரல் ஈரத்தில் ஓரம் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. 2010 ஜனவரி 15 அன்று கங்கண கிரகணம் தெற்கே நன்றாகத் தெரிந்தது. கறுப்பு ஃபிலிம் வழியாகப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று யாரோ சொல்ல (அது தப்பு, பார்க்கக் கூடாது என்று பின்னால் தெரிந்தது), பரணிலிருந்து அதை இறக்கி மாறி மாறிச் சூரியனைப் பார்த்தோம். அத்தானும் வாங்கிப் பார்த்தார். அப்போது அவருக்கு வலிப்பு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மாத்திரை நிறுத்தலாமா என்று கேட்கப் போன இடத்தில் எடுத்த புதுப் படத்தில் வளையம் இல்லை, அது இருந்த இடத்தில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு மட்டும்.

"வட்டமா தெரியுதுல்லா," என்றார் ஃபிலிமைத் திருப்பிக் கொடுக்கும்போது. எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.